நாலாவது ஆள்

இன்றைக்கும் மாறியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். ஒரே ஒரு நாள்.

வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேண்டுதல் இல்லை அது. வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் அது மாறவேண்டும் என்றுதான் பதினேழு நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெங்காயத்தை நறுக்கியபடியே ஜன்னலோரம் நின்ற நாத்தனார் குருவியின் முதுகைப் பார்த்தாள். அந்த வீட்டில் அலைபேசிக்கு உயிர் வருவது ஜன்னலின் இடது மூலையில் மட்டும்தான். குருவி அங்கே ஒரு காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கையை வெளியே நீட்டி, மழைத்துளி படாமல் போனைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"வருதா?" என்றான் அவள் கணவன், குருவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கையில் ஏறிய கிரீஸ் போவதற்காகச் சோப்புத்தூளைப் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு."

"நான் ரிப்பேர் பண்ற லிஃப்டே தேவலாம். மேல போகலைன்னாலும் கதவாவது திறக்கும்."

"இரு அண்ணா, வந்துடுச்சு. 'தங்கள் பாஸ்போர்ட் விண்ணப்பம் முகவரிச் சரிபார்ப்பு நிலையில் உள்ளது.' அவ்வளவுதான். ஒரு எழுத்து மாறல."

அவள் மூச்சை விட்டாள். வெங்காயம் கண்ணைக் கரித்தது நல்லதாகப் போயிற்று.

"விசாரிக்க வர்ற ஆளு வந்தாத்தானே அடுத்த படி," என்று குருவி முக்காலியிலிருந்து இறங்கினாள். "என்னைக்குத்தான் வருவாரோ. அன்னைக்கு ஒரு நம்பர்லேர்ந்து கால் வந்துச்சுன்னு சொன்னேன்ல, அது அவராத்தான் இருக்கும்னு தோணுது. நான் திரும்பக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறாரு. ஆஸ்பத்திரிச் சமையக்கட்டுல போனை லாக்கர்ல வைக்கச் சொல்லிடறாங்க, நான் என்ன பண்ணட்டும்? என்ன அண்ணி, பேசவே மாட்டேங்கிறீங்க?"

"எண்ணெய் காயுது, அதான்," என்றாள்.

குருவி கணவனின் ஒரே தங்கை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. உப்பில்லாத கஞ்சி, சர்க்கரை இல்லாத பால், கட்டியில்லாமல் அரைத்த காய் என்று வார்டு வாரியாகப் பிரித்துச் சமைத்து, தட்டில் சீட்டு ஒட்டி அனுப்பவேண்டும். பதினொரு வருஷத்தில் ஒரு தட்டுகூட மாறிப்போனதில்லை என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கடல் தாண்டி இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை அவளை வரச்சொல்லியிருந்தது. தனி அறை, வாரம் ஒரு நாள் விடுப்பு, இரண்டு வருஷ ஒப்பந்தம். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பாஸ்போர்ட் எண்ணை அனுப்பவேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அவளுக்கு அடுத்து இருப்பவளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருபத்தொன்பது வயதில் அவளுக்கென்று ஒரு கதவும் அதற்கொரு சாவியும் கிடைக்கப்போகிற முதல் சந்தர்ப்பம் அது.

அண்ணன் வீட்டில் அவளுக்குச் சாவி கிடையாது. சாவி என்ன, கணக்குப்படி அவளே அந்த வீட்டில் கிடையாது.

நாலாவது மாடியின் பின்பக்கத்தில் ஒரு கூடம், ஒரு அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் நகரவேண்டிய சமையலறை. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா வாடகைக்கு விட்டபோதே சொல்லிவிட்டாள்: "மூணு தலைதான். நாலாவது தலை தெரிஞ்சா அன்னைக்கே காலி பண்ணிக்கணும். என் தண்ணித் தொட்டிக்கு அவ்வளவுதான் வயிறு." புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. மூன்று தலை சரியாக இருந்தது. ஆறு வருஷம் முன்னால் மாமியார் இறந்துபோய், குருவி ஒரு பையோடு பத்து நாள் தங்க வந்தாள். பத்து நாள்தானே என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் சொல்லலாம் என்றால், முதல் மாதமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று கூச்சமாக இருந்தது. ஒரு வருஷம் ஆனபிறகு அதைச் சொல்லவே முடியாது என்றாகிவிட்டது.

அதற்கப்புறம் அது ஒரு தொழில்போல ஆயிற்று. குருவியின் செருப்பு வாசலில் இருக்காது; கட்டிலுக்கடியில் இருக்கும். அவள் துணி மாடிக் கொடிக்குப் போகாது. கூடத்துக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே காயும். விடிகாலை ஐந்து மணிக்குப் பின்படிக்கட்டு வழியாகப் போவாள். சாயங்காலம் வீட்டுக்காரம்மா தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருக்கும் ஆறரை மணிக்கு ஏறி வருவாள். எப்போதாவது படியில் மாட்டிக்கொண்டால், "விருந்தாளி அடிக்கடி வருது போல," என்பாள் வீட்டுக்காரம்மா. "பக்கத்துலதாம்மா வேலை, எட்டிப் பாத்துட்டுப் போறேன்," என்பாள் குருவி. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் கேட்டாலும் மூணு பேர். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச்சொன்னபோது மூன்று உருவம் வரைந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் வரைந்திருந்தது. யார் இது என்று கேட்ட டீச்சரிடம், "இது எங்க இல்லாத அத்தை," என்று சொன்னதாம். அதைக் கேட்டு வீடே உருண்டு சிரித்தது. குருவிதான் அதிகம் சிரித்தாள். இரண்டு மூன்று மாதம் அவளை 'இல்லாத அத்தை, சாப்பிட வா' என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது அவள் வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. அதோடு அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள்.

மழை விட்டபாடில்லை. மழை நாளில் அண்ணி வேலை பார்க்கும் லாண்டரியில் பாடு இரட்டிப்பாகும். துணி பாதிதான் வெளியே போகும். பின்கட்டில் உலர்த்தும் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, இரண்டு ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். அதற்குள் போய் வந்தால் ஈரத்தின் புழுங்கிய வாடை தலைமயிரில் ஏறிக்கொள்ளும். அவளுக்கு முன்மேசையில் வேலை. வரும் துணியை உதறிப் பையைத் துழாவி, பித்தான் குறைகிறதா கறை இருக்கிறதா என்று பார்த்து, கழுத்துப்பட்டையின் உள்பக்கம் அழியாத மையில் எண் எழுதி, அதே எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு சட்டையின் கழுத்தைப் பார்த்தே அது எத்தனை தடவை தன் கைக்கு வந்திருக்கிறது என்று சொல்வாள்.

குடையைச் சுருக்கிக்கொண்டு ஒரு வாத்தியார் வந்தார். "அம்மா, அந்தச் சாம்பல் கலர் கோட்டு?"

"மெஷின்ல இருக்கு சார். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"மழை சார். காய மாட்டேங்குது. ஈரத்தோட குடுத்தா உங்களுக்கே நாறும்."

வாத்தியார் போனதும், இஸ்திரி மேசையிலிருந்து சிரிப்பு வந்தது. இஸ்திரி போடுகிறவர் ஐம்பதைத் தாண்டியவர். பெட்டியைத் தூக்கிய கையை இறக்காமலே ஊர் வம்பெல்லாம் பேசிவிடுவார்.

"எந்த மெஷின் தங்கச்சி அது? மூணு வாரமா ஒரு கோட்டு மெஷின்ல சுத்துனா நூலாத்தான் வெளிய வரும்."

"என்ன பண்ணச் சொல்றீங்க? காணோம்னு சொல்லவா?"

"சேச்சே, சொல்லிடாத. நீ சொல்ற அழகுல அந்த மனுஷன் கோட்டு இல்லாமலே குளிர் விட்டுப் போயிட்டாரு பாரு. நீயெல்லாம் பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்க வேண்டியவ. 'நிலையில் உள்ளது, நிலையில் உள்ளது'ன்னு சொல்லியே காலத்தை ஓட்டியிருப்ப. ஆமா, உன் நாத்தனாரோடது என்னாச்சு?"

"இன்னும் வரலண்ணே."

"விசாரிக்க ஆள் வந்துட்டுப் போயாச்சா?"

தண்ணீர் தெளித்த சட்டையின்மேல் இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்குள் தன் பதில் முங்கிப்போகும் என்று அவளுக்குத் தோன்றியது. "தெரியலண்ணே," என்றாள்.

தெரியாமல் என்ன. அவர் வந்து போய் எட்டு நாள் ஆகிறது.

அது செவ்வாய்க்கிழமை, அவளுக்கு வார விடுப்பு. பதினோரு மணி இருக்கும். குழந்தை பள்ளிக்கூடத்தில், கணவன் ஏதோ ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள். வீட்டுக்காரம்மா தொட்டியின் மிதவை சிக்கிக்கொண்டது என்று பார்க்க, சாவிக்கொத்தோடு மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். நாலாவது மாடியைத் தாண்டிப் பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுல குழாயைச் சரியா மூடறீங்களா இல்லையா? மூணு பேருக்கு இவ்வளவு தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் வந்தார்.

சாதாரணச் சட்டை, ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கோப்பு, நீர் சொட்டும் குடை. ஓய்வுபெறப் போகும் வயது. ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறி வந்திருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கோப்பைப் பார்த்துக் குருவியின் பெயரைப் படித்தார். முழுப் பெயர். சான்றிதழில் மட்டும் குடியிருக்கும் அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"இந்தப் பேர்ல இங்க ஒரு பொண்ணு இருக்காங்களாம்மா?"

"அப்படி யாரும் இல்லைங்க. நாங்க மூணு பேர்தான்."

அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. தும்மல் வருவதுபோல. ஆறு வருஷமாகப் பால்காரனிடம், மின்சார அளவெடுக்க வருபவனிடம், கணக்கெடுக்க வந்த டீச்சரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி, நாக்கு வழவழவென்று பழகிப்போயிருந்தது. இதற்கென்று வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது அவளுக்குத் தெரியாமலில்லை. விசாரிக்க வருகிறவர் முதலில் போன் பண்ணுவார். குருவியும் கணவனும் முனைக்கடையிலேயே அவரைப் பார்த்துக் காகிதங்களைக் காட்டி, பின்படிக்கட்டு வழியாக அழைத்து வருவார்கள். இப்படி ஒருவர் நேராக வந்து நிற்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

அவர் போய்விடவில்லை. அதுதான். போய்விட்டிருந்தால் அவளுக்கு ஒரு சாக்கு மிஞ்சியிருக்கும்.

"பாஸ்போர்ட் விசாரணைம்மா," என்றார் அவர். "போன் போட்டேன், எடுக்கல. சரி, இந்தப் பக்கம்தானே இருக்கோம்னு ஏறிட்டேன். அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. நான் 'இல்லை'ன்னு எழுதிட்டேன்னா அந்தப் பொண்ணுக்கு எல்லாம் நின்னுபோயிடும். ஒருத்தரோட பொழப்பு பாருங்க."

மேல்படியில் சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கிறாள் என்பது மட்டும் அவளுக்கு முதுகெல்லாம் தெரிந்தது.

"இல்லைங்க," என்றாள். "நீங்க வேற வீட்டைத் தேடறீங்க போலருக்கு."

அவர் கோப்பைப் பார்த்தார், கதவெண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடி முழுவதையும் குடித்துவிட்டு, "முட்டி போச்சும்மா. ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. லிஃப்ட் இருந்தா லிஃப்ட் ரிப்பேர்," என்று சிரித்து டம்ளரைக் கொடுத்தார். இறங்கிப் போனார்.

"யாரு?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"வேற யாரையோ தேடி வந்திருக்காரும்மா."

"கண்டவனையும் நிக்க வச்சுப் பேசாத." சாவிக்கொத்து மறுபடி மேலே ஏறியது. மொட்டைமாடிக் கதவு திறந்தது, சாத்தியது. அவள் ஒற்றை ஆளாகக் கதவருகில் நின்றாள். கீழே ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி. திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்றது. இரண்டாவது மாடி. 'ஐயா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். ஓடினால் இருபது படி. அவள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். தெருக்கதவு சாத்திய பிறகுதான் உள்ளே போனாள்.

அன்றிலிருந்து தன்னைத்தானே தோண்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் தடவை சொன்னது பழக்கம். அதை மன்னிக்கலாம். இரண்டாவது தடவை? பயம் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. வீடு போய்விடும் என்ற பயம். மழைக்காலத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்ற பயம். ஆனால் மொட்டைமாடிக் கதவு சாத்திய பிறகு என்ன பயம்? குருவி போய்விட்டால் விடிகாலைப் பாத்திரத்தை யார் தேய்ப்பார்கள், குழந்தைக்கு யார் பின்னிவிடுவார்கள், தூக்கம் வராத ராத்திரிகளில் யாரோடு சத்தமில்லாமல் சிரிப்பது என்று அந்த இருபது படிக்கு நடுவில் தோன்றியதா? தன்னை எந்த ஊரும் எதற்கும் வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதும் அதற்குள் இருந்ததா? தெரியவில்லை. இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த முடியாமைதான் அவளைத் தலைநிமிர விடாமல் செய்தது.

அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். குருவி வந்து, "ஒரு மிஸ்டு கால் இருக்கு அண்ணி," என்றபோது அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்று மட்டும் சொன்னாள். முதல் நாள் சொல்லாததை இரண்டாவது நாள் சொல்ல வரவில்லை.

இஸ்திரிக்காரரிடம் தெரியாது என்று சொன்ன மறுநாள் சாயங்காலம், போனில் அந்த வரி மாறிவிட்டது.

குருவி படித்துவிட்டுப் போனை அண்ணனிடம் நீட்டினாள். அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தான். "'முகவரிச் சரிபார்ப்பு அறிக்கை பாதகமாகப் பெறப்பட்டுள்ளது. விண்ணப்பதாரர் அலுவலகத்தில் நேரில் ஆஜராகவும்.' பாதகமான்னா? நாம என்ன பாதகம் பண்ணோம்?"

யாரும் சாப்பிடவில்லை. குழந்தை மட்டும் முட்டையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றது.

அதற்கடுத்த நாள் குருவி ஆஸ்பத்திரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அலுவலகம் போனாள். மத்தியானம் கணவனும் போய்ச் சேர்ந்துகொண்டான். அவள் லாண்டரியில் நாள் முழுக்க எண்களைத் தப்பாக எழுதினாள். ஒரே எண்ணை இரண்டு போர்வைக்குப் போட்டுவிட்டாள். இஸ்திரிக்காரர் கண்டுபிடித்து, "தங்கச்சி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவருக்கு அன்று வம்பு பேச வாய் வரவில்லை; அவள் முகம் அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். குழந்தை அறைக்குள் பாடம் படித்துக்கொண்டிருந்தது. கூடத்து மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள். அதன்மேல் ஒரு பேனா. கணவனின் முகத்தில் கோபம், ஏதோ புதுசாகச் சம்பாதித்தவனின் பூரிப்போடு இருந்தது.

"கேளு கதையை," என்றான். "'மேற்படி முகவரியில் மேற்படி நபர் வசிக்கவில்லை.' எழுதியிருக்கான்! முனைக்கடையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே எழுதியிருப்பான். நாலு மாடி ஏறணுமே, துரைக்கு வலிக்காதா?"

"ஆபீஸ் ஜன்னல்ல இருந்த அம்மா நல்லவங்க," என்றாள் குருவி. அழுது முடித்த குரல். "வாசல்ல மனு எழுதறவர்கிட்டப் போகச் சொன்னாங்க. அவரு எங்ககிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. 'ஆள் வீட்டுக்கு வந்தாரா?' வரலன்னோம். 'அப்ப வேலை சுலபம்'னாரு."

"படிச்சுக் காட்டறேன் கேளு." கணவன் தாளை எடுத்தான். "'குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். விசாரணை அலுவலர் எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராமலே பொய்யறிக்கை அளித்தவர்மீது நடவடிக்கை எடுத்து, மறுவிசாரணைக்கு உத்தரவிடுமாறு...' நீ போட வேண்டியது கையெழுத்து. அன்னைக்கு வீட்டுல இருந்தவ நீதானே. இந்த மாதிரிப் புகார் போச்சுன்னா அந்த ஆளைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டு, பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்களாம். முப்பதுக்கு முன்னாடி வந்துடும்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வந்தாரு," என்றாள்.

"யாரு?"

"அந்த ஆளு. செவ்வாய்க்கிழமை. நாலு மாடியும் ஏறித்தான் வந்தாரு. குருவி பேரைச் சொல்லிக் கேட்டாரு. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

கணவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரம்மா பாதிப் படியில் நின்றது, அவர் யோசித்துச் சொல்லச் சொன்னது, தண்ணீர் கேட்டது. வீட்டுக்காரம்மா மேலே போனபிறகும் அவரைக் கூப்பிடாமல் நின்றதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லும்போது காது நுனியெல்லாம் எரிந்தது.

குருவி மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"தினமும் நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் கடைசியில். "நீங்க வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஒருநாள் கூடவா வாயைத் திறக்கணும்னு தோணல?"

"தினமும் தோணுச்சு."

"தோணி?"



"நல்ல குடும்பம்," என்று குருவி அண்ணனைப் பார்த்தாள். "ஒரு ஆளை இல்லன்னு சொல்றதுக்கு ஆறு வருஷம் ட்ரெய்னிங் குடுத்தீங்க. அண்ணி பாஸாயிட்டாங்க."

"நீ சும்மா இரு," என்றான் அவன். அறைக்கும் கதவுக்குமாக இரண்டு நடை நடந்தான். லிஃப்ட் பாதியில் நின்றால் முதலில் உள்ளே இருப்பவர்களை அமைதிப்படுத்தவேண்டும் என்பான் எப்போதும். இப்போது அந்தக் குரலை எடுத்தான். "சரி. ஆனது ஆச்சு. இங்க பாரு, அவர் வந்தாருன்னு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அவர் ஒருத்தர் சொல்றதும் நாம நாலு பேர் சொல்றதும் ஒண்ணா? வீட்டுக்காரம்மா ஆபீசுக்கெல்லாம் வரப்போறதில்ல. கையெழுத்தைப் போடு. எல்லாம் சரியாயிடும்."

"அவருக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும், ஒரு மெமோ குடுப்பாங்க."

"தூக்கிடுவாங்கன்னு சொன்னீங்களே இப்ப."

"வேற வேலைக்கு மாத்துவாங்கடி. அவர் யாரு நமக்கு? மாமனா, மச்சானா?"

"முட்டி வலியோட ஏறி வந்தாருங்க. தப்பா எழுதிடக் கூடாதுன்னு ரெண்டு தடவை கேட்டாரு."

"இவ வாழ்க்கையை விட அந்த ஆளோட முட்டி பெருசா உனக்கு?"

அறைக்குள் குழந்தையின் வாய்ப்பாடு நின்று, மறுபடி தொடங்கியது. அவள் பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள்.

"நாளைக்கு நானே ஆபீசுக்கு வரேன். நான்தான் பொய் சொன்னேன், இவ ஆறு வருஷமா எங்களோடதான் இருக்கான்னு எழுதிக் குடுக்கறேன். வீட்டுக்காரம்மாகிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லு. நல்லாச் சொல்லு. ஏன் பொய் சொன்ன, எதுக்குச் சொன்னன்னு ரெண்டு மாசம் விசாரிப்பான். அதுக்குள்ள முப்பதாம் தேதி வந்துட்டுப் போயிடும். இந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா சாமானைத் தூக்கி வெளிய வைப்பா. இவளுக்கு வேலையும் இல்ல, நமக்கு வீடும் இல்ல. உன் மனசு மட்டும் வெளுத்து மடிப்புக் கலையாம இருக்கும். லாண்டரிக்காரின்னா லாண்டரிக்காரிதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்வதிலும் ஒரு சுயநலம் இருக்கத்தான் செய்தது. அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவள் மட்டும் இல்லை. குருவியைப் பார்த்து எதையாவது கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை; மறுக்கிற யோக்கியதை அதைவிட இல்லை.

குருவி எழுந்து வந்தாள். தாளை எடுத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அண்ணி," என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "நீங்க ஏன் சொன்னீங்க, எதுக்குக் கூப்பிடாம நின்னீங்க, எதுவும் எனக்கு வேணாம். ஒரு கையெழுத்து. இதைப் போட்டுட்டீங்கன்னா இந்த விஷயத்தைப் பத்தி ஜென்மத்துக்கும் நான் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சத்தியமா. அங்கேர்ந்து போன் பண்ணும்போதுகூடக் கேட்க மாட்டேன்."

அவளுக்கு அது வேண்டியிருந்தது. இந்தப் பத்து நாளில் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் அவள் கிடந்தது எல்லாம் இந்த ஒரு வாக்குக்காகத்தான் என்று தோன்றியது. கோடு போட்ட இடத்தில் பேனா முனை போய் நின்றது. அவள் பெயர் அடியில் அச்சாகியிருந்தது, தப்பில்லாமல், முழுசாக. அதற்கு மேல் வரியில், 'எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.' கணவன் மூச்சை அடக்கி நிற்பது தெரிந்தது. குருவியின் கண்ணைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள்.

பேனாவை மூடினாள். தாள் ஃபேன் காற்றில் பறந்துவிடாமல் அதன்மேலேயே பேனாவை வைத்து, குருவி பக்கமாக நகர்த்தினாள்.

"நீ கேளு குருவி," என்றாள். "ஜென்மத்துக்கும் கேளு. நான் போட மாட்டேன்."